6. பொதியை யார் பொறுப்பில் விடுவது?

எங்கள் குழு ஒரு எழுத்துரு மாற்றிப் பொதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. பாமினியிலும் திஸ்கியிலும் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன பைத்தான் பொதி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சகம் நடத்தும் ஒருவர் போன் செய்தார். "சார், உங்க பக்கம் திறக்க மாட்டேங்குதே, மூடிட்டீங்களா?" என்றார். போய்ப் பார்த்தால் டொமைன் காலாவதியாகிக் கிடந்தது.

புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் எங்கள் நண்பர் ஒருவருடைய கல்லூரி முகவரிக்குப் போயிருந்தன. மாணவராக இருந்தபோது ஆர்வத்தோடு தன் கைக்காசைப் போட்டு டொமைனை வாங்கியவர் அவர்தான். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டது. நண்பர் எங்கேயும் போய்விடவில்லை, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இருந்தார். ஆனால் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொன்னால் அதற்கான மின்னஞ்சலும் மூடிய முகவரிக்கே போனது. பழைய ரசீது, அடையாள அட்டை நகல் என்று ஒவ்வொன்றாக அனுப்பி, மீட்புக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது டொமைனைத் திரும்பப் பெற்றோம்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயர் யாருடையது என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய பொதியை நாலு பேர் நம்பிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. அதை எப்படிப் பேசுவது, எந்த வரிசையில் முடிவெடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எதை ஒப்படைக்கிறோம்?

"பொதியை எந்த அமைப்பிடம் கொடுக்கலாம்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பொதி என்று நாம் சொல்வது உண்மையில் ஐந்து பொருள்களின் மூட்டை. முதலில் மூட்டையைப் பிரியுங்கள்.

1. நிரல்: மூலக்கோடும் அதன் மாற்ற வரலாறும்.
2. பெயர்: பொதியின் பெயரும் சின்னமும், வணிகக்குறியாகப் பதிந்திருந்தால் அந்தப் பதிவும்.
3. டொமைன்: இணைய முகவரி, அதைப் பதிந்த கணக்கு.
4. வெளியிடும் உரிமை: பைபிஐ, என்பிஎம் போன்ற பொதிக் கிடங்குகளில் புதிய பதிப்பை ஏற்றும் அதிகாரமும் கையொப்பச் சாவிகளும்.
5. பணம்: நன்கொடை வரும் கணக்கும் அதிலிருந்து செலவு செய்யும் அதிகாரமும்.

முதலாவது ஒரு விளக்குச் சுடர் மாதிரி. திறமூல உரிமத்தில் இருக்கும் வரை எத்தனை பேர் அதிலிருந்து ஏற்றிக்கொண்டாலும் குறையாது. மற்ற நான்கும் வீட்டுப் பட்டா மாதிரி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் அசையாது. பெரும்பாலான சண்டைகள் நிரலுக்காக வருவதில்லை, இந்த நான்குக்காகத்தான் வருகின்றன.

ஒரு தாளை எடுத்து ஐந்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல், அவர் இல்லாவிட்டால் திறக்கக்கூடிய இரண்டாவது ஆள் யார் என்று நிரப்புங்கள். இரண்டாவது ஆள் கட்டம் காலியாக இருக்கும் இடங்கள்தான் உங்கள் பொதியின் உண்மையான ஓட்டைகள்.

பெயர் கைமாறாமல் போனால் என்ன ஆகும்?

ஓபன்ஆபீஸின் கதையை ஒவ்வொரு பராமரிப்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் கம்பெனியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-இல் வாங்கியது. மறு ஆண்டே அதன் அலுவலக மென்பொருளின் மூலக்கோட்டைத் திறந்துவிட்டது. பத்தாண்டுகள் உலகெங்கும் தன்னார்வலர்கள் பிழை திருத்தினார்கள், தங்கள் மொழிகளுக்குப் பெயர்த்தார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெயர் மட்டும் சன் கையிலேயே இருந்தது. நிரல் பங்களித்தவர்களும் சன்னுக்குக் காப்புரிமையில் பங்கு கொடுத்து எழுதித்தர வேண்டியிருந்தது. சன் நல்ல முறையில் நடந்துகொண்ட வரை இது யாருக்கும் உறுத்தவில்லை.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. ஒரே நாளில் பெயரின் உரிமையாளர் மாறினார். பத்தாண்டு உழைத்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 28-இல் தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து டாகுமென்ட் ஃபவுண்டேஷனை அறிவித்தார்கள். ஆரக்கிளையும் அதில் சேர அழைத்து, ஓபன்ஆபீஸ் என்ற பெயரைத் தரும்படி கேட்டார்கள். பெயர் வரவில்லை. அதுவரைக்கும் என்று வைத்துக்கொண்ட லிப்ரெஆபீஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதன்பின் அவர்கள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் அறக்கட்டளை பதிய 50,000 யூரோ மூலதனம் திரட்ட வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டு நாளில் தொகை சேர்ந்துவிட்டது. 2012-இல் பெர்லினில் அறக்கட்டளை பதிவானது. ஒரே கம்பெனியின் ஆட்கள் நிர்வாகத்தைக் கைப்பற்ற முடியாதபடி அதன் விதிகளிலேயே வரம்பு வைத்தார்கள். பட்ட அடி சட்டமாக மாறிய இடம் அது.

பழைய பெயர் என்ன ஆயிற்று? 2011 ஜூனில் ஆரக்கிள் அதை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதற்குள் நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் லிப்ரெஆபீஸ் பக்கம் போய்விட்டார்கள். 2014-இல் வந்த 4.1-க்குப் பிறகு அப்பாச்சி ஓபன்ஆபீஸில் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை, சிறு திருத்தங்களே வந்தன. ஆனாலும் பழைய பெயரைத் தெரிந்தவர்கள் அதையே தேடி இறக்கிக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் டாகுமென்ட் ஃபவுண்டேஷன் திறந்த மடல் எழுதி, பயனர்களுக்கு லிப்ரெஆபீஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டது. உழைப்பு ஒரு வீட்டிலும் பெயர் இன்னொரு வீட்டிலும் இருந்தால் வழிதவறி நிற்பது பயனர்தான்.

இதே ஆரக்கிள் காலத்தில்தான் ஹட்சன் என்ற மென்பொருளின் சமூகமும் பெயரை விட்டுவிட்டு, 2011 ஜனவரியில் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் ஆனது. நிரலை நகலெடுத்துக்கொண்டு இப்படித் தனிவழி போவதை நம் வட்டாரத்தில் ஃபோர்க் அடிப்பது என்போம்.

நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. நோட் ஜேஎஸ், ஜாயென்ட் என்ற ஒற்றைக் கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. வேலை மெதுவாக நகர்கிறது, முடிவுகளில் எங்களுக்குப் பங்கில்லை என்ற குறையால் 2014 டிசம்பரில் ஐஓ ஜேஎஸ் தனியாகப் பிரிந்தது. மறு ஆண்டு கம்பெனி இறங்கிவந்து பொதுவான அறக்கட்டளைக்குச் சம்மதித்தது. பிரிந்தவர்கள் திரும்பினார்கள், 2015 செப்டம்பரில் இரண்டும் கலந்து 4.0 பதிப்பாக வெளிவந்தது. பழைய பெயரும் பிழைத்தது. இரு தரப்பும் நம்பக்கூடிய பொது வீடு ஒன்று அமைந்ததால்தான் அது நடந்தது.

எப்படிப்பட்ட வீடுகள் உண்டு?

தனி ஒருவர் கணக்கு. எல்லாப் பொதியும் இங்கேதான் பிறக்கிறது. பயனர்கள் பத்துப் பேர் இருக்கும்வரை இதுவே போதும். இரண்டாவது சாவி ஒன்றை மட்டும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

கம்பெனி. சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாக வேலை செய்யும் ஆட்கள் கிடைப்பார்கள். இந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், பல பெரிய மென்பொருள்கள் அப்படித்தான் வளர்ந்தன. ஆனால் வியாபாரக் கணக்கு மாறும்போது உரிமமும் மாறலாம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் உரிமத்தை மாற்றியது. செப்டம்பரில் அதன் ஃபோர்க்கான ஓபன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. 2024 மார்ச் 20-இல் ரெடிஸ் உரிமத்தை மாற்றியது. எட்டே நாளில் அதன் ஃபோர்க்கான வால்கீ அறிவிக்கப்பட்டது, அதுவும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ்தான். 2025 மே மாதத்தில் ரெடிஸ் மறுபடியும் திறமூல உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் வால்கீ தன் பாதையில் வெகுதூரம் போய்விட்டது.

குடை அமைப்பு. நீங்கள் தனியாக அமைப்பு பதிய வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவான ஒன்று உங்கள் பெயரையும் டொமைனையும் பணத்தையும் சட்டப்படி வைத்துக்கொள்ளும். டெபியனுக்காக 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட் நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2006-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம் எடுக்கிறது. கிட் அங்கேதான் இருக்கிறது. நம்பை, பாண்டாஸ், ஜுப்பிட்டர் போன்ற அறிவியல் பொதிகளுக்கு 2012-இல் வந்த நம்ஃபோகஸ் இருக்கிறது.

1999-இல் தொடங்கிய அப்பாச்சி அறக்கட்டளைக்குள் போக விரும்பினால் இன்குபேட்டர் என்ற பயிற்சிக் காலத்தைக் கடக்க வேண்டும். அப்பாச்சி உரிமத்துக்கு மாற வேண்டும், பெயரை எழுதிக்கொடுக்க வேண்டும். நிரல் எழுதுவதற்கு அறக்கட்டளை சம்பளம் கொடுக்காது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் சட்ட வடிவமே வேறு. அது கம்பெனிகள் உறுப்பினராகச் சேரும் தொழில் சங்கம். பல கம்பெனிகள் சேர்ந்து செலவழிக்கும் பெரிய மென்பொருளுக்கு அது பொருந்தும். மூன்று தன்னார்வலர்கள் பார்க்கும் தமிழ்ச் சொல்திருத்திக்கு அது பொருந்தாது.

துறைசார் சமூகம். ஆர் மொழியின் ஆர்ஓபன்சயின்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பொதியை மற்ற வல்லுநர்கள் வரி வரியாக மதிப்பிடுகிறார்கள். ஏற்றுக்கொண்டபின் களஞ்சியம் சமூகத்தின் கணக்குக்கு மாறுகிறது, எழுதியவரே பராமரிப்பாளராகத் தொடர்கிறார். அதே மொழியின் பொதிக் கிடங்கான கிரான் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தனி மனிதரின் பெயரையும் மின்னஞ்சலையும் கட்டாயம் கேட்கிறது, குழு முகவரியை ஏற்பதில்லை. வீடு அமைப்பின் பெயரில் இருக்கட்டும், கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் வேண்டும் என்பதே இதன் பொருள்.

சொந்த அமைப்பு. கேடிஇ 1997-இலும் பைத்தான் 2001-இலும் இப்படித் தங்களுக்கென்றே அமைப்பு பதிந்துகொண்டன. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். டிரஸ்ட், கம்பெனிச் சட்டம் 2013-இன் பிரிவு 8 கம்பெனி என்ற வழிகளும் உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல், கூட்டக் குறிப்பு என்று காகித வேலை இருக்கும். அதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து யாரோ அன்போடு அனுப்புகிறார் என்று சொந்த வங்கி எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லூரி, பல்கலைக்கழகம். சர்வரும் மாணவர்களும் கிடைப்பார்கள். ஆனால் ஆய்வுத் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, மின்னஞ்சலுக்கும் உண்டு. அங்கே வேலை நடக்கட்டும், பட்டா அங்கே வேண்டாம்.

களஞ்சியம் இருக்கும் தளம் வீடு ஆகாது

கிட்ஹப்பில் கணக்கு இருப்பதையே அமைப்பு இருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தளம் என்பது வாடகைக்கு எடுத்த இடம். கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடியது. கிட்டோரியஸ் 2015-இலும் மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் 2017-இலும் மூடின. கிட்ஹப்பையே 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டத்தின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்த நிரலாளர்களின் தனிக் களஞ்சியங்கள் கிட்ஹப்பில் முடக்கப்பட்டன.

தளம் எதுவானாலும் மூன்று வேலைகளைச் செய்துவையுங்கள். பயனருக்குக் கொடுக்கும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக இருக்கட்டும், தளம் மாறினாலும் முகவரி மாறாது. வாரம் ஒருமுறை இன்னொரு தளத்துக்குத் தானாக நகல் போகும்படி அமையுங்கள். பெர்லினில் பதிவான சங்கம் ஒன்று நடத்தும் கோட்பெர்க் அதற்கு ஏற்றது. கிட் நகலில் நிரல் வரலாறு முழுவதும் வந்துவிடும். பிழை அறிக்கைகளும் அவற்றின் கீழ் நடந்த உரையாடல்களும் வராது, அவற்றை மாதம் ஒருமுறை தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

அமைப்பிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அமைப்பின் புகழைப் பார்த்து மயங்காமல் இந்த ஏழு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. நாளைக்கு நாங்கள் விலகினால் பெயரும் டொமைனும் மீதிப் பணமும் எங்களோடு வருமா? இதற்கு நேரடியான பதில் இல்லை என்றால் மற்ற ஆறையும் கேட்கத் தேவையில்லை.
2. உரிமத்தை மாற்ற யாருக்கு அதிகாரம்? பங்களிப்பவர்கள் காப்புரிமையை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றால், மொத்த நிரலின் உரிமத்தையும் ஒருவர் தனியாக மாற்றும் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.
3. எந்த நிரலை ஏற்பது, எப்போது வெளியிடுவது என்பதில் தலையிடுவீர்களா?
4. நன்கொடையில் கழிவு எவ்வளவு? எங்கள் ஊரில் இருக்கும் ஒருவருக்குச் செலவுத் தொகை எத்தனை நாளில் வந்து சேரும்?
5. முக்கியமான ஒருவரோ, அதிகப் பணம் தரும் கம்பெனியோ விலகினால் அமைப்பு நிற்குமா?
6. எந்த நாட்டுச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும்? இந்தக் கேள்வி பெரிய அமைப்புகளுக்கும் உண்டு. எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் 2021-இல் பெல்ஜியத்துக்கு மாறியது.
7. பராமரிக்க ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? அப்பாச்சியில் அப்படிப்பட்ட மென்பொருளை மௌனமாகக் கைவிடாமல் அட்டிக் என்ற பரணில் அறிவிப்போடு ஏற்றிவைக்கிறார்கள். பயனருக்கு உண்மை தெரிகிறது.

கேட்டதோடு நிறுத்தாதீர்கள். அந்த அமைப்பில் இருக்கும் இரண்டு திட்டத்தினரிடமும் அதைவிட்டு வெளியேறிய ஒரு திட்டத்தினரிடமும் பேசுங்கள். வெளியேறியவர் அரைமணி நேரத்தில் சொல்வது ஒப்பந்தத்தின் பத்துப் பக்கத்தில் இருக்காது.

அவசரத்தில் ஆளைத் தேடாதீர்கள்

களைத்துப்போன பராமரிப்பாளர் யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவார். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பொதியின் பொறுப்பை உதவிக்கு வந்த அறிமுகமில்லாத ஒருவர் பெற்றார். சில வாரங்களில் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரல் அதற்குள் நுழைந்தது.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரம் இன்னும் ஆழமானது. தனி ஒருவர் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த பொதி அது. வேலை தாமதமாகிறது, வேறு ஆளைப் போடுங்கள் என்று முகம் தெரியாத கணக்குகள் அவரை நெருக்கின. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் பொறுமையாக உதவி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளரானார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார்.

அந்தக் கதையில் நம் அத்தியாயத்துக்கு வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பொதியின் துணை டொமைன் கிட்ஹப்பில் இருந்தது, அதில் ஜியா டானுக்கு அணுகல் இருந்தது. முதன்மை டொமைனும் அதிலிருந்த கிட் களஞ்சியமும் பழைய பராமரிப்பாளரின் கையிலேயே இருந்தன, அவர் ஒருவருக்கு மட்டுமே அணுகல். அதனால்தான் கிட்ஹப் கணக்குகள் முடக்கப்பட்ட பிறகும் பயனர்களிடம் பேச அவருக்கு ஓர் இடம் இருந்தது, வேலையைத் தொடரக் களஞ்சியமும் இருந்தது. ஐந்து பொருள்களும் ஒரே சாவியில் இல்லாததே காப்பாற்றியது.

ஒப்படைக்கும் முறை

முடிவெடுத்தபின் இந்த வரிசையில் செல்லுங்கள்.

அறிவிப்பு வெளியிட்டு, பங்களிப்பவர்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுங்கள். ஒப்பந்தத்தில் விலகும் விதியை முதல் பத்தியாக வையுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி எழுதினோம்: "பராமரிப்பாளர்களில் பெரும்பான்மையோர் எழுத்தில் கேட்டால், பெயர், டொமைன், மீதித் தொகை ஆகியவற்றை 60 நாளுக்குள் அவர்கள் குறிப்பிடும் லாபநோக்கற்ற அமைப்புக்கு மாற்றித் தர வேண்டும்." வழக்கறிஞர் நண்பர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு லாபநோக்கற்ற என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். பெரும்பான்மையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கம்பெனிக்கு விற்றுவிடக் கூடாது என்பதற்காக.

முதலில் டொமைனையும் பெயரையும் மாற்றுங்கள், பிறகு களஞ்சியத்தை. வெளியிடும் உரிமையைக் கடைசியில் மாற்றுங்கள். புதியவர்கள் ஒரு சிறு பதிப்பைத் தாங்களே வெளியிடட்டும், பழையவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அது சரியாக நடந்தபின் பழைய அணுகல்களை நீக்குங்கள். எங்கும் இரண்டு பேருக்குக் குறையாமல், நாலு பேருக்கு மேல் போகாமல் சாவி இருக்கட்டும்.

எங்கள் பொதிக்கு ஒரு கம்பெனி, ஒரு கல்லூரித் துறை, ஒரு சிறிய பதிவுச் சங்கம் என்று மூன்று வாய்ப்புகள் வந்தன. கம்பெனியிடம் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. கல்லூரித் துறை சோதனைச் சர்வரைத் தருகிறது, நன்றியோடு பயன்படுத்துகிறோம். பெயரும் டொமைனும் சங்கத்திடம் இருக்கின்றன. வெளியிடும் உரிமை மூன்று பேரிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் ஞாயிறு மூவரும் தத்தம் கணக்கில் நுழைந்து பார்த்து, தாளில் தேதி போடுகிறோம்.

அன்றைக்குப் போன் செய்த அச்சகக்காரர் தன் அப்பா பாமினியில் தட்டிவைத்த இருபது ஆண்டுக் கோப்புகளை எங்கள் பொதியை வைத்துத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் யார் யார், எங்கே வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் உங்கள் டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த முகவரிக்கு இப்போதே ஒரு கடிதம் அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.